மறுத்துப் பேச ஓர் ஆள்

அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதுதான் கப்பல்காரன் போன் பண்ணினான். நேரம் பார்த்தானே! மூத்தவள் ஒரு கையால் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் போன் விடாமல் அதிர்ந்தது. அணைக்கப் போனவள் விரல் தவறி எடுத்துத் தொலைத்துவிட்டாள்.

"குட் மார்னிங் மேடம், உங்க அப்பா அம்மாவோட கப்பல் டூர் விஷயமா..."

"எங்கம்மா இறந்துட்டாங்க. நேத்து."

"ஐயோ, ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அப்போ ரெண்டு பேருமே வரலையா, இல்ல அப்பா மட்டும் வர்றாரா? இன்னைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள சொல்லிட்டா நல்லாயிருக்கும். ரூமைப் பிடிச்சு வெச்சிருக்கறது இன்னைக்கு வரைக்குந்தான். கேட்டுக்கிட்டு நிறைய பேர் நிக்கறாங்க."

அவனைத் திட்ட நல்ல நல்ல வார்த்தைகளாக நாக்கு நுனிவரை வந்தன. வண்டி டிரைவர், கதவைச் சாத்த வேண்டும், நகருங்கள் என்று கை காட்டினார். நகர்ந்தாள். திட்டுவதும் அதோடு போயிற்று.

எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. கூடத்தில் வாடகை நாற்காலிகள் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. ஒன்றில் அப்பா உட்கார்ந்திருந்தார். கப்பல் சமாச்சாரம் எப்படியோ வெளியே கசிந்து, வந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியாமல் இருந்தது போலும்; கப்பல் கிடைத்ததும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"கான்சல் பண்ணிடலாம்ப்பா," என்றான் தம்பி. "இந்த நேரத்துல போனா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

"சரிப்பா," என்றார் அப்பா.

"அவன் கெடக்கான், நீங்க போயிட்டு வாங்க அத்தான்," என்றாள் சித்தி, அம்மாவின் தங்கை. "மனசு கொஞ்சம் மாறும். தனியாப் போக யோசனையா இருந்தா நான் வேணும்னா அக்கா எடத்துல..." என்றவள், எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், "எடம் வீணாப் போகக் கூடாதேன்னு சொல்ல வந்தேன்," என்று முடித்துக்கொண்டாள்.

"சரிம்மா," என்றார் அப்பா.

எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை கப்பலில் போய்வந்தவர். அதைச் சொல்ல இத்தனை வருஷமாக ஆள் கிடைக்காதவர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் போயிருக்கேன் சார். காலைல சாப்பாடு, மத்தியானம் சாப்பாடு. நடுவுல நடக்கறதுகூட அடுத்த சாப்பாடு இறங்கறதுக்குத்தான். நல்லாத்தான் இருக்கும். ஆனா வேஸ்ட்."

"சரிங்க," என்றார் அப்பா.

மூத்தவளுக்கு மண்டை காய்ந்தது. இந்த மனிதர் வாயிலிருந்து ஒரே நாளில் மூன்று 'சரி'யா? இந்த வீட்டில் யாரும் யாருக்கும் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

அதற்குக் காரணம் உண்டு. அப்பாவும் அம்மாவும் கர்ட்டன் கடை வைத்திருந்தார்கள். அப்பா வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து வருவார். அம்மா துணியை வெட்டித் தைப்பாள். கடை ஆரம்பித்த புதிதில் ஒரு பெரிய மண்டபத்துக்குத் திரை தைக்கும் வேலை வந்தது. "வெட்டலாமா?" என்றார் அப்பா. "வெட்டலாமே," என்றாள் அம்மா. வெட்டித் தள்ளிவிட்டார்கள். மாட்டிப் பார்த்தால் அத்தனை திரையும் தரைக்கு எட்டாமல், மளமளவென்று வளர்ந்த பிள்ளையின் பழைய கால்சட்டை மாதிரி தொங்கியது. வெட்டின துணியை ஒட்டவா முடியும்? அன்றைக்குப் போட்டார்கள் அந்தச் சட்டத்தை. ஒருவர் வெட்டலாம் என்றால் மற்றவர் வேண்டாம் என்று சொல்லியே தீர வேண்டும், மனசுக்குள் சரியென்று பட்டாலும்கூட. மறுக்கிறவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் மற்றவர் பதில் சொல்லி, மறுத்தவர் சரி என்ற பிறகுதான் கத்தரியைத் தொடலாம்.

கடையோடு நின்றிருந்தால் தேவலை. வீட்டுக்கும் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் வாங்க அந்தக் கூத்து, தம்பியைக் காலேஜில் சேர்க்க அந்தக் கூத்து. மூத்தவளுக்குப் பார்த்த மாப்பிள்ளையை அம்மாவுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. ஆனால் மறுக்கும் முறை அவளுடையது ஆயிற்றே! மாப்பிள்ளைக்குக் காது பெரிது என்பது வரைக்கும் எடுத்து வைத்தாள். அந்தக் காதிலேயே அது விழுந்தும் தொலைத்தது.

கப்பலுக்கும் அதே கதைதான். வருஷக்கணக்காக ஓடியது. கடையை மூடி ஓய்வெடுத்த பிறகும் கத்தரி போடாத துணியாக அந்தக் கப்பல் ஒன்று இருந்தது அவர்களுக்கு. அப்பா போகலாம் என்பார், அம்மா வேண்டாம் என்பாள். அலுத்துப்போனால் கட்சி மாறிக்கொள்வார்கள். இரண்டு பேரில் யாருக்கு நிஜமாகவே ஆசை என்று பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது. அவர்களை நம்பி மூத்தவள் முன்பே இடம் பிடித்து, அவர்கள் பேச்சு முடியாததால் ரத்து செய்து, கப்பல்காரனிடம் அசடு வழிந்ததெல்லாம் உண்டு. இந்த முறை அப்பா போகலாம் கட்சி.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, அவன் திரும்பக் கூப்பிடுவான். போறீங்களா இல்லையா? ஒரே வார்த்தை. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"எப்படிம்மா சொல்றது? அவ கேள்வி ஒண்ணு பாக்கி இருக்கே."

"என்ன பாக்கி?"

"முந்தாநாள் படுக்கறப்ப சொன்னா. எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டீங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு, காலைல கேக்கறேன்னா. காலைல பல்லு தேச்சிட்டு வந்து கட்டில்ல உக்காந்தா. கேக்கப்போறான்னு நானும் காப்பியோட வந்தேன்." அப்பா கையை விரித்தார். "அது என்னன்னு தெரியாம நான் எப்படிப் போறேன்னு சொல்றது? போகலைன்னுதான் எப்படிச் சொல்றது?"

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவளுக்கு. அப்பாமேல்கூட இல்லை. போகிற போக்கில் இப்படி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டா போக வேண்டும் இந்த அம்மா? நேற்றிலிருந்து அழுகையும் வரவில்லை. அம்மாவை நினைத்து அழக்கூட ஒழிவில்லாமல் கப்பலைக் கட்டி மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்று அதற்கு வேறு எரிச்சல்.

நாள் முழுக்க எல்லோரும் அப்பாவுக்கு யோசனை சொன்னார்கள், அவரும் தலையாட்டினார். எதிர்த்துக் கேள்வி கேட்க மட்டும் ஓர் ஆளும் இல்லை. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சரி," என்றாள். "அப்போ நான் கேக்கறேன். கப்பல் வேண்டாம்."

அப்பா தலை நிமிர்ந்தார்.

"ஏன் வேண்டாம்?"

"கப்பல் ஆடும். உங்களுக்குப் பஸ்ல போனாலே வாந்தி."

"அதை உங்கம்மா மொத நாளே கேட்டா. மாத்திரை இருக்கு. கப்பல்லயே டாக்டர் இருக்கார்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? சுத்திச் சுத்தித் தண்ணி. அதைப் போய்க் காசு குடுத்துப் பாக்கணுமா?"

"அதையும் கேட்டா." அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இத்தனை வருஷமா ஊர்ல இருக்கற ஜன்னலையெல்லாம் அளந்தேன். ஒண்ணுலயாவது நின்னு வெளியே என்ன இருக்குன்னு பாத்திருப்பேனா? டேப்பைச் சுருட்டிக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுவேன். தண்ணியோ மண்ணோ, ஒரு ஜன்னல் முன்னாடி சும்மா நிக்கணும் எனக்கு."

"எங்க நிப்பீங்க? அங்கயும் கர்ட்டன் இருக்கும். ஓரத் தையலைப் பிடிச்சு நொட்டை சொல்லிட்டு நிப்பீங்க."

"அப்படியேதான் அவளும் சொன்னா," என்ற அப்பாவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "திரையைத் தொடமாட்டேன்னு அவகிட்ட சத்தியமே பண்ணியிருக்கேன். அடுத்தது?"

அடுத்தது! விளையாட்டாகவா இருக்கிறது இவருக்கு? தம்பி வாசல் பக்கமிருந்து ஒரு மாதிரி பார்த்தான். அவள் விடவில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்றாள், அதற்கும் பதில் இருந்தது. காது சரியாகக் கேட்காத மனிதர் அத்தனை பெரிய கப்பலில் தொலைந்துபோனால் என்றாள், அதற்கும் இருந்தது. எதைத் தொட்டாலும் அம்மா அவளுக்கு முன்னால் போய் அதைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். அத்தனைக்கும் அப்பா டக்டக்கென்று பதில் சொல்லிக்கொண்டே போனார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவளுக்கு ஒரு கட்டத்தில் வெடித்துவிட்டது.

"ரெண்டு பேர் தங்கற ரூம்ப்பா அது! அதுல நீங்க தனியாப் படுத்துத் தூங்கிடுவீங்களா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. சித்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலில் டேப் உரசி உரசிக் காய்த்துப்போன இடத்தைத் தடவினார்.

"பாக்கி இருந்தது இது இல்ல," என்றார் கடைசியில். "அவ இருந்தா இது ஒரு கேள்வியே இல்லையே."

"அப்பா, நான் ஏதோ..."

"இரு, கேட்டுட்டேல்ல. பதில் சொல்லணும்." யோசித்தார். "தூக்கம் வராதுதான். வீட்ல மட்டும் வரவா போகுது?"

அதோடு அவள் கேள்விகள் தீர்ந்துவிட்டன. அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். இன்னொரு கேள்வி வராதா என்று ஏங்குகிறவர் மாதிரி இருந்தது அவர் இருப்பு.

போன் அடித்தது. அவனேதான்.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். மூடப்போறோம். என்ன முடிவு பண்ணீங்க?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். கேள்வி தீர்ந்துபோனால் சரி என்று சொல்ல வேண்டியவர் மறுத்தவர்தான்.

"சரி," என்றாள். "போறார்."

"ரெண்டு பேர்ல..."

"ஒருத்தர்," என்றாள். "ஒருத்தர்னு போட்டுக்குங்க."

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "போட்டாச்சு மேடம். கடைசியா ஒண்ணே ஒண்ணு. அந்த ரூம்ல ரெண்டு கட்டில் இருக்கு. சேத்தும் போடலாம், தனித்தனியாவும் போடலாம். ஒரு கட்டிலை ஓரமாத் தள்ளிட்டா ஐயாவுக்கு நடக்கறதுக்கு எடம் தாராளமா இருக்கும். எப்படிப் போடச் சொல்லட்டும்?"

அவன் உரக்கப் பேசுகிற ஆள். அப்பாவுக்கே கேட்டிருந்தது.

"சேத்தே போடச் சொல்லு," என்றார்.

மறுத்துப் பேச எவ்வளவோ இருந்தது. எழுந்திருக்கும்போது முட்டியில் இடிக்கும். ராத்திரி கை தானாகப் பக்கத்தில் தேடும். காலையில் ஒரு பக்கம் மட்டும் கசங்கிக் கிடக்கும். மூத்தவள் ஒன்றையும் கேட்கவில்லை.

"சேத்தே போட்டுடுங்க," என்றாள் போனில்.

நாற்காலி வாடகைக்கு விட்டவர் வண்டியோடு வந்துவிட்டார். ஒவ்வொன்றாக மடக்கி எடுத்துக்கொண்டே கூடத்துக்குள் வந்தவர், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் சங்கடப்பட்டு நின்றார். அப்பா சட்டென்று எழுந்து, தானே அதை மடக்கி அவர் கையில் கொடுத்தார். பிறகு எங்கே உட்காருவது என்று தெரியாமல், காலியான கூடத்தில் அங்கேயே நின்றார்.