தொள்ளாயிரம் கிலோவுக்கு இரண்டு குறைவு

பிரேமினிக்கு வயது இருபத்தாறு. பேச்சு கொஞ்சம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். ஹட்டனில் கனகலிங்கத்தின் கராஜில் மெக்கானிக். இரண்டு வருஷமாக ஒரே காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கொழும்பில் யாரோ இடித்து நொறுக்கித் தள்ளிவிட்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. கார்பெட், ரேடியோ, ஏசி, பக்கத்து சீட் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தாள். உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டினாள், அகல டயர் மாட்டினாள், எஞ்சினைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினாள். ரோட்டுக் காரிலிருந்து உருவாக்கிய ரேஸ் கார்களுக்கென்றே ஜி.டி. பிரிவு உண்டு. ஏப்ரல் சீசனில் நுவரெலியாப் பக்கம் நடக்கும் மலையேற்றக் கார் ஓட்டத்தில், அந்தப் பிரிவில் ஓட்டப்போவதும் அவளேதான்.

கனகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் பொறுமை தீர்ந்துபோயிருந்தது.

"பிள்ளை, இந்த முறை கார் சோதனையில பாஸ் பண்ணினால் சரி. இல்லாட்டி திரும்பச் சீட்டைப் பூட்டி, ரோட்டுக் காராக்கி வித்துப்போடுவன்."

சோதனையில் முக்கியம் எடை. ஆள் ஏறாமல் தொள்ளாயிரம் கிலோவுக்குக் குறையக் கூடாது. ரொம்பக் கூடினாலோ மேட்டில் இழுக்காது. கார் நிறுக்கிற தராசுக்கு எங்கே போவது? நோர்வூட் பக்கம் தான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே காரைக் கொண்டுபோனாள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் மேடைத் தராசு இருந்தது. மூன்று சக்கரத்துக்குப் பலகை கொடுத்து, நாலாவதைத் தராசில் ஏற்றி, மாற்றி மாற்றி நான்கு தடவை நிறுத்தாள். கூட்டினால் எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு.

வேறு யாராவது என்றால் உடனே பாரம் சேர்த்திருப்பார்கள். இவள் சிரித்தாள். அந்தத் தராசை அவளுக்குத் தெரியாதா என்ன! அம்மா மீனம்மா கொழுந்தைக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் கூசாமல் இரண்டு கிலோவை வெட்டி முழுங்கிய தராசு. நான்கு நிறுவைக்கு எட்டுக் கிலோ. அப்படியானால் நிஜ எடை தொள்ளாயிரத்து ஆறு. விசிலடித்துக்கொண்டே ஹட்டனுக்குத் திரும்பினாள்.

ஓட்டத்தன்று காலை, பரிசோதகரின் தராசில் கார் ஏறியது. எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு. புள்ளி பிசகவில்லை.

பிரேமினி குனிந்து எண்ணை மறுபடி படித்தாள். கனகலிங்கம் வானத்தைப் பார்த்தார். பக்கத்தில் எல்லோருக்கும் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மீனம்மா தலையை நிமிர்த்தினாள்.

"எந்தத் தராசுலடி நிறுத்த?"

"நம்ம மடுவத்துத் தராசுலதான்."

"அடிப்பாவி! அதத்தான் போன மாசம் மாத்தியாச்சே! நாங்க மூணு நாள் வேலைக்கு எறங்காம ஒக்காந்தது எதுக்குன்னு நெனச்ச? புதுசு சரியாக் காட்டுது."

"தோட்டத்துத் தராசு சரியாக் காட்டும்னு யாரும்மா நம்புவா?"

"நானே இன்னும் நம்பல," என்றாள் மீனம்மா.

பரிசோதகர் அரை மணி நேரம் கொடுத்தார். பாரம் சேர்க்கலாம், ஆனால் காரின் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும், ஆடக் கூடாது. பிரேமினி சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் பார்வை அடுப்பில் வந்து நின்றது.

"அம்மா, அந்தக் கல்லக் குடு."

"ரொட்டி வேகுதுடி!"

"ரொட்டிய எடு, கல்லக் குடு!"

தண்ணீரில் நனைத்த சாக்கில் சுற்றி ஆறவைத்து, ட்ரில்லை எடுத்து அந்த இரும்புக் கல்லில் நான்கு ஓட்டை போட்டாள். "எங் கல்யாணத்துக்கு வாங்குன கல்லுடி!" என்று மீனம்மா தலையில் கைவைத்தாள். பக்கத்து சீட் இருந்த இடத்தில் ரொட்டிக்கல் போய் உட்கார்ந்தது. பரிசோதகர் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. மனுஷர் சிரித்தேவிட்டார்.

தராசு தொள்ளாயிரத்து ஒன்று காட்டியது. மீனம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, இதுல எத்தன கிலோ வெட்டுவீங்க?"

பரிசோதகர் சிங்களவர், கொஞ்சம் தமிழ் வரும். "வெட்டுறது இல்ல அம்மா. இருக்கிறது அப்படியே."

மீனம்மா அவரைப் பார்த்தாள், பிறகு எண்ணைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அப்ப எழுதிக்குங்க," என்றாள்.

பிரேமினி ஓட்டினாள் பாருங்கள்! தேயிலைச் சரிவெல்லாம் சத்தம் எதிரொலிக்க, வளைவுக்கு வளைவு டயர் கத்த, மேலே போய்ச் சேர்ந்தபோது ஜி.டி. பிரிவில் மூன்றாவது இடம். கனகலிங்கம் குடையைத் தூக்கி வீசிவிட்டுக் குதித்தார். விற்கிற கதையையே காணோம். "அடுத்த வருஷம் முதலாவதா வரவேணும், பிள்ளை!" என்றார்.

கார் கீழே இறங்கி வந்ததும் கனகலிங்கத்துக்கு மீனம்மாவின் ரொட்டிக்கல் நினைவுக்கு வந்தது. காருக்குள் குனிந்து ஸ்பேனரை நீட்டினார்.

"அம்மா, உங்கட கல்லைக் கழட்டித் தரட்டோ?"

"கைய எடுங்க சார்," என்றாள் மீனம்மா. "முப்பது வருசம் வெட்டினது போதும். எம் மக வண்டில ஒரு கிராம் கொறையக் கூடாது."