இருபத்தைந்தாவது பெயர்

1

இந்தக் கதை ஒரு பட்டியலின் பின்பக்கத்தில் தொடங்கியது. எங்கள் ஊரான லா பால்மிதாவின் பேஸ்பால் அணிக்கு வரும் பருவத்துக்கான இருபத்தைந்து பேரை எழுதித் தரச் சொல்லி என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். நான் தாளைத் திருப்பிப் போட்டுக் கதை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

என் பெயர் ஃபாவியோ. பள்ளியில் புவியியல் சொல்லித் தருகிறேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதால் அணிக்குச் செயலாளர். வேறு ஆள் கிடைக்காததால், பந்து வீசுபவனுக்கு எதிரே குந்தியிருந்து பிடிக்கும் கேட்சருக்கு மாற்று.

(முதல் பிரதியில் இந்தக் கடைசி வாக்கியம் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன்.)

2

தொடக்கங்களில் நிறைய திண்டாடினேன்.

"முப்பத்தொரு வருடங்களுக்குப் பிறகு மாகாணக் கோப்பை எங்கள் ஊருக்கு வந்த அன்று, கடலே பொங்கி—"

கடல் பொங்கவில்லை. அடித்துவிட்டேன்.

"கிறிஸ்பின் ஒரு மாவீரன்."

கிறிஸ்பின் படித்தால் ஒரு வாரம் சிரிப்பான். இதுவும் வேண்டாம்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோப்பையை வென்றோம். மறுநாள் காலை, ஊர் பாதி தூக்கத்தில் இருக்கும்போது, எலாடியோவின் முடிதிருத்தும் கடையில் மூன்று பேர் கூடினோம். எலாடியோ அணியின் மேலாளர். ரொட்டிக்கடை யோகாஸ்தா அக்கா கழகத் தலைவி. மூன்றாவது ஆள் நான்.

விஷயம் இதுதான். அமெரிக்க அணி ஒன்றின் பயிற்சிக் கூடத்தில் நான்கு வருடம் இருந்துவிட்டு எங்கள் ஊர்ப் பையன் ஓனில் திரும்பியிருந்தான். வயது இருபத்திமூன்று. ஷார்ட்ஸ்டாப். ஓடுபவர்கள் தொடவேண்டிய இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே எலி போல ஓடும் பந்தைக்கூட விடமாட்டான். எங்களோடு ஆட வருகிறேன் என்றான். ஆனால் அணியில் இருபத்தைந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒருவர் போக வேண்டும்.

எங்கள் ஷார்ட்ஸ்டாப் கிறிஸ்பின். வயது முப்பத்தொன்பது. எலாடியோவின் தங்கை கணவன்.

3

"ஜெயிச்ச டீம்ல கை வைக்காதே எலாடியோ," என்றார் யோகாஸ்தா அக்கா. "ஊரே செருப்பால அடிக்கும்."

"அடுத்த வருஷம் மேல் பிரிவுல ஆடறோம்க்கா. அங்க போய் அத்தனையும் தோத்தா மட்டும் மாலை போடுவாங்களா?"

"அப்ப உன் மச்சான் மூஞ்சியப் பாத்து நீயே சொல்லு."

கதவு திறந்தது. கிறிஸ்பின்.

(இப்படிச் சரியான நேரத்தில் ஒருவன் நுழைவதைக் கதையில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது, நுழைந்தான்.)

"கடை லீவுடா," என்றான் எலாடியோ.

"லீவெல்லாம் கஸ்டமருக்கு. நான் உன் தங்கச்சி புருஷன்." நாற்காலியில் உட்கார்ந்து துணியைத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டான். "என்னைத் தூக்கறதப் பத்திதானே பேசறீங்க? பேசுங்க. வெட்டறதுன்னா முடியை மட்டும் ஒழுங்கா வெட்டு."

எலாடியோ கத்தரியை எடுத்தான். "உன்னைத் தூக்கினா உன் பொண்டாட்டி எனக்குச் சோறு போடமாட்டா மச்சான்."

"தூக்கலன்னா எனக்குப் போடமாட்டா. என் முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சே அவளுக்குக் கை ஓஞ்சுபோச்சு."

எல்லோரும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிப்பைச் சீக்கிரம் நிறுத்திவிட்டான்.

"ஓனில் என் இடத்துல ஆடட்டும். அவன் என்னைவிட நல்லா ஆடுவான், ஒத்துக்கறேன். நான் முதல் பேஸுக்குப் போறேன், அங்க ஓட வேணாம். ஆனா வீட்டுக்கே போகச் சொன்னா ஒரு காரணம் சொல்லணும். நேத்து கடைசிப் பந்தைப் பிடிச்சது யாரு?"

அவன்தான் பிடித்தான். மண்ணில் விழுந்து, வாயெல்லாம் புழுதியோடு.

"வாத்தியாரே," என்றார் யோகாஸ்தா அக்கா, "இந்த வருஷப் பட்டியலைப் படி. யார் யாரு என்ன ஆடினாங்கன்னு பாத்துடுவோம்."

4

படித்தேன். நிதானமாக, வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது போல. முடித்ததும் தாளை மடித்தேன்.

"இருபத்துநாலு," என்றார் அக்கா. மாவு ஒட்டிய விரல்களில் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். "இன்னொண்ணு?"

[இங்கே என் மனநிலை பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். காற்று, மின்விசிறி, காலம் நின்றுபோவது எல்லாம் வந்தன. நீக்கிவிட்டேன். மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.]

"நான்," என்றேன்.

"இந்த வருஷம் எத்தனை ஆட்டம் ஆடினே?" என்றார் அக்கா.

"ரெண்டு."

"ஒண்ணு," என்றான் எலாடியோ. "இன்னொண்ணு மழையில நின்னுபோச்சு."

கிறிஸ்பின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதித் தலைக்குத்தான் முடி வெட்டியிருந்தது. "வாத்தியாரை விடுங்கப்பா. ஃபைனல்ல பந்து வீசறவனுக்குக் கை சூடேத்திவிட்டது அவர்தான். ஒரு மணி நேரம் குந்தி உக்காந்து பிடிச்சாரு. அது எந்தக் கணக்குலயும் வராது."

தன் இடமே ஆடிக்கொண்டிருக்கும்போது எனக்காகப் பேசுகிறான். அந்த நேரம்தான் எனக்கு வெட்கம் வந்தது. பேனாவை எடுத்து என் பெயரை எழுதினேன். பிறகு அதன்மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் ஓனில் என்று எழுதினேன்.

"யாரும் உன்னைப் போகச் சொல்லலையே," என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

"தெரியும்க்கா."

வலித்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் நடப்பது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் கிறிஸ்பின் மூச்சை விட்ட விதத்தைப் பார்த்ததும் வலி பாதியாகிவிட்டது.

"மாற்று கேட்சருக்கு என்ன பண்றது?" என்றான் எலாடியோ.

"அவசரத்துக்கு நான் குந்தறேன்," என்றான் கிறிஸ்பின்.

"முட்டி?"

"உன் தங்கச்சி எதுக்கு இருக்கா?"

அக்கா தன் கடையிலிருந்து சூடான ரொட்டி வரவழைத்தார். நால்வரும் சலாமி இறைச்சித் துண்டு வைத்துத் தின்றோம். மீதித் தலைக்கு முடி வெட்ட எலாடியோ மறந்தேபோனான்.

5

முடிவு பற்றி எல்லோருக்கும் கருத்து இருக்கிறது. பிரதியைப் படித்த எலாடியோ, கடைசி ஆட்டத்தில் கேட்சருக்கு அடிபட்டு நான் களமிறங்க வேண்டும் என்கிறான். (பட்டியலில் பெயர் இல்லாதவன் விதிப்படி இறங்க முடியாது. மேலாளருக்கே தெரியவில்லை.) அக்கா ரொட்டியோடு முடித்துவிடச் சொல்கிறார். கிறிஸ்பினுக்குக் கதை முழுக்கத் தன்னைப் பற்றி இருக்க வேண்டும்.

நான் இப்போது அணியின் பதிவாளர். பந்தை அடிப்பவன் நிற்கும் தட்டுக்குப் பின்னால் நிழலில் நாற்காலி. ஒவ்வொரு பந்துக்கும் என்ன நடந்தது என்று கட்டத்தில் எழுத வேண்டும்.

போன ஞாயிறு புதிய பருவத்தின் முதல் ஆட்டம். இரண்டாவது சுற்றில் தரையோடு வந்த பந்து ஓனிலின் கையுறையில் பட்டுத் தெறித்து ஓடியது. அடித்தவன் முதல் பேஸை அடைந்துவிட்டான். பந்தைத் தவறவிட்டது ஓனிலின் பிழையா, அடித்தவனின் திறமையா என்று தீர்மானிக்க வேண்டியவன் நான்.

"சார், கல்லுல பட்டு எகிறுச்சு! என் தப்பில்ல!" என்று அங்கிருந்தே கத்தினான் ஓனில்.

"தப்புன்னே போடு வாத்தியாரே!" முதல் பேஸிலிருந்து கிறிஸ்பின். பல்லெல்லாம் தெரிந்தது. "நான்னா பிடிச்சிருப்பேன்!"

"தாத்தா, நீங்க அங்க வர்றதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிருக்கும்!"

மைதானமே சிரித்தது. பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பந்து கல்லில் பட்டதை நான் பார்த்தேன். ஓனில் அரை நொடி தாமதமாகக் குனிந்ததையும் பார்த்தேன்.

கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் என்ன எழுதுவீர்கள்?