சாவிக்கொத்தும் ஐந்து டன் மோட்டாரும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மாமனார் ஒரு நாளைக்கு மூன்று வேளை சொல்லிவிடுவார். மருமகள் கிரேன் ஓட்டும் பயிற்சியில் சேர்ந்ததிலிருந்து இதே பல்லவிதான்.

ஆலையில் முப்பது வருடமாகக் கிரேன் கொக்கியில் சரக்கு மாட்டுகிறவர் அவர். எல்லோருக்கும் அவர் பீமன். ஐந்து டன் மோட்டார் கிரேனில் தொங்கினால் தனியாகவே தள்ளிக்கொண்டு போவார். "எடையெல்லாம் கொக்கிக்கு. எனக்கென்ன, பூ!" என்பார்.

"கொக்கி தாங்குறது எடையைத்தான் மாமா. நிறை எங்கயும் போகல. நகர்த்த எவ்வளவு பாடோ, நிறுத்தவும் அவ்வளவு பாடு."

"வந்துட்டா வாத்தியாரம்மா!"

ராத்திரி அவள் சாவிக்கொத்தை நூலில் கட்டி ஆட்டிப் பார்ப்பாள். சாவி ஒரு பக்கத்துக் கோடிக்குப் போகும்போது விரலும் கூடவே போய் அதன் தலைக்கு மேல் நின்றால், சாவி சமர்த்தாக நின்றுவிடும். வீடே சிரிக்கும்.

இன்று தேர்வு. தேறினால் கிரேன் நாற்காலி. தவறினால் ஆறு வருடமாக அதே ஆலையில் பிடித்த துடைப்பம். மேலாளர் கண்ணாடி அறைக்குள் தாளும் பேனாவுமாக நின்றார். அவள் மேலே கிரேன் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

மோட்டாரைத் தூக்கி மெதுவாக நகர்த்தினாள். மாமனாருக்குப் பொறுக்குமா? "ஆமை கூட முந்திடும்!" என்று பின்னாலிருந்து பலமாகத் தள்ளினார். மோட்டார் கண்ணாடி அறைப் பக்கம் ஆடிப்போனது. அவள் கிரேனை நிறுத்தினாள், மோட்டார் நிற்கவில்லை. திரும்பி அவர் மேலேயே வந்தது. பதறிப்போய் இரண்டு கையாலும் எதிர்த்துத் தள்ளினார். பூவாம் பூ! பொம்மை மாதிரி சறுக்கி ஓரமாகப் போய் விழுந்தார். அந்தத் தள்ளலையும் வாங்கிக்கொண்டு போன மோட்டார், கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி மனமில்லாமல் திரும்பியது. மூன்றாவது முறைக்கு யார் உத்தரவாதம்?

மோட்டார் இப்போது ஆளில்லாத பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் கிரேனை அதன் பின்னாலேயே விட்டாள்.

"நிறுத்து! நிறுத்தும்மா!" கீழே எல்லோரும் கத்தினார்கள்.

நிறுத்தவில்லை. மோட்டார் கோடியைத் தொட்ட அந்த நொடியில் கிரேன் அதன் தலைக்கு நேர் மேலே போய் நின்றது. ஐந்து டன்னும் சாவிக்கொத்து போல அப்படியே நின்றது. பிறகு எழுந்த கைதட்டலில் தகரக்கூரை அதிர்ந்தது.

மேலாளர் வெளியே ஓடி வந்தார். "யார் தப்பு இது?"

மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முப்பது வருடத்தில் அவர் வாயில் வராத வார்த்தை வந்தது. "என் தப்பு சார். நிறுத்துனது என் மருமக. கையெழுத்தப் போடுங்க."

பேனா தாளில் ஓடியது. மாமனார் மேலே அண்ணாந்து பார்த்தார். பாதி வேலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா. நான் எங்க நிக்கணும்?"

"மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம், மாமா. கையப் பின்னால கட்டிக்கிட்டு."

பீமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.