மாமியின் புட்டும் தென்துருவமும்

1.

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள எங்கள் கட்டடத்து லிஃப்ட் அவ்வளவு மெதுவானது. ஐந்தாம் மாடி வருவதற்குள் அடுத்தவருடைய வயிற்றை ஆறுதலாகப் பார்த்து முடிக்கலாம். நான் பார்த்தது கஜந்தினியின் வயிற்றை. (பார்த்தது பிழைதான். நீங்களும் வாசிப்பதை நிறுத்தவில்லை, கவனிக்க.)

2.

முதல் தொடக்கம்: 'பனி நகரத்தின்மேல் வெள்ளைப் போர்வையாக...'

வேண்டாம். மொன்றியலில் பனி என்பது காரைத் தோண்டியெடுக்கும் வேலை.

இரண்டாம் தொடக்கம்: ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் கஜந்தினி, நான்கு வெள்ளைக்காரிகளுடன் தென்துருவத்துக்குப் பனிச்சறுக்குக் கட்டைகளில் நடந்து போகப் போகிறாள். இது இருக்கட்டும்.

அங்கே சாமான் வண்டியை இழுத்து நடந்தால் உடம்பு நாளுக்கு ஆறாயிரம் கலோரி எரிக்குமாம். வெண்ணெயைக் கட்டியாகக் கடித்துத் தின்றாலும் ஈடுகட்டாது. ஆகவே புறப்படும் முன்பே கொழுக்க வேண்டும். பத்துக் கிலோ ஏறாவிட்டால் குழு மருத்துவர் பெயரை வெட்டிவிடுவார். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் குறைக்கப் பார்த்துக் கூட்டிக்கொள்ளும் அந்த எடையை, இவள் கூட்டப் பார்த்தும் கூட்ட முடியாமல் தவித்தாள்.

3.

கணவன் பிருந்தனுக்கு மட்டும் விசயம் தெரியும்.

"இஞ்சத்தைக் குளிர் காணாதெண்டே அங்க போறாய்?" என்றான்.

"மாமிக்கு நீங்கள்தான் சொல்ல வேணும்."

"பேந்து சொல்லுவம்."

அவனுடைய வீரம் அத்துடன் தீர்ந்தது.

அதற்குள் கஜந்தினியின் முகம் கொஞ்சம் உப்பியது. கல்யாணமாகி ஏழு வருசமான ஒருத்தி எங்கள் சனத்தின் கண்முன்னால் கொழுத்தால் காரணம் ஒன்றுதான். பக்கத்து வீட்டு றெஜினா, செயின்ட்-மிஷேலில் இருக்கும் பிருந்தனின் தாய், மாமி குணேஸ்வரிக்குப் போன் எடுத்தார். மாமி ஆட்டிறைச்சிக் கறியும் கையுமாக மெற்றோவில் வந்து இறங்கினார்.

"ஏன் பிள்ளை எனக்கு ஒளிச்சனி?"

"மாமி, அது வந்து..."

"கதையாத. சாப்பிடு."

சாப்பிட்டாள். [இந்த இடத்தில் கதாநாயகிமீது எனக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டது. நல்லவள் மறுத்திருப்பாள். நல்லவளுக்கு அந்தக் கறியின் மணம் தெரியாது.] அடுத்த கிழமை தராசு அசைந்தது.

பிறகென்ன? நெய் விட்ட புட்டு, கணவாய்க் கறி, அரியதரம். கோயில்காரரும் சேர்ச்காரரும் போட்டி போட்டுச் சமைத்தார்கள். கயிற்றில் டயர் கட்டி இழுத்துப் பழக மட்டும் அவள் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ரொக்ஸ்பரோவுக்கு ஓடினாள். அங்கே அவளைத் தெரிந்த கண்கள் குறைவு.

4.

மருத்துவர் நிறுக்கும் நாளுக்கு முதல்நாள். இன்னும் ஒரு கிலோ வேண்டும். மாமி புட்டுச் சட்டியுடன் வந்தார்.

"மார்கழியோட வேலைய விடுறன் பிள்ளை. முதலாளிக்கும் சொல்லிப்போட்டன்."

"ஏன் மாமி?"

"என்ர பேரப்பிள்ளைய காசு குடுத்துப் பாக்கிற கார்டெறியில விட்டு, ஆரோ ஒருத்தி 'போன்ஜூர்' சொல்லி வளக்கவே? நான் இருக்கிறன்."

கஜந்தினி கையில் எடுத்த புட்டைத் திரும்பத் தட்டில் வைத்தாள். இதுவரை அவள் தின்றது சாப்பாட்டை மட்டும் என்று நினைத்திருந்தாள்.

5.

கைவசம் உள்ள முடிவுகள்:

உண்மையைச் சொல்கிறாள். மாமி சட்டியை மூடிக்கொண்டு போகிறார். தராசு ஒரு கிலோ குறைத்துக் காட்டுகிறது. நான்கு வெள்ளைக்காரிகள் மட்டும் போகிறார்கள்.

சொல்லாமல் போகிறாள். எலும்பும் தோலுமாகத் திரும்பி வருகிறாள். விமான நிலையத்தில் மாமி அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்க்கிறார். பிறக்காத ஒன்றுக்காக அந்த மனுசி அங்கேயே நிலத்தில்... (இதை எழுதும்போது எனக்கே நக்கல் வரவில்லை. வெட்டிவிட்டேன். இன்னும் தெரிகிறதென்றால் சரியாக வெட்டவில்லை.)

பிருந்தன் சொல்கிறான். (சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.)

6.

மாமி புட்டைக் கறியோடு குழைத்து உருட்டி நீட்டுகிறார்.

"ஆ காட்டு. ரெண்டு பேருக்குச் சாப்பிட வேணும்."

கஜந்தினி வாயைத் திறக்கிறாள்.

வாங்கவா, சொல்லவா? என்னைக் கேட்காதீர்கள். ஊர்க்கதையைக் கொண்டு வந்து சேர்ப்பதுதான் என் வேலை. தீர்ப்பு வழங்க உங்களைப் போன்ற பெரிய மனிதர்கள் இருக்கிறீர்கள். எழுதுங்கள். கொஞ்சம் கெதியாக. நீட்டியபடி நின்று மாமிக்குக் கை உளைகிறது.