ஏழு மணிக்காரர்கள்

டமார்!

மேஜை மேல் ஒரு சாக்கு வந்து விழுந்ததில் தராசு ஒரு குதி குதித்து அடங்கியது. பேனா உருண்டு கீழே போயிற்று.

"எண்ணிப் பாருங்கம்மா," என்றார் மேலாளர். தலைமை அலுவலகத்திலிருந்து முன்னறிவிப்பு இல்லாமல் வருவதுதான் அவருக்குப் பிடித்த வழக்கம்.

தராசம்மா சாக்கைப் பிரித்து எண்ணினாள். மாவு ஒன்பது, உலர் பீன்ஸ் ஏழு, டின் மீன் ஐந்து, பால் பவுடர் மூன்று. எல்லாவற்றிலும் அவளுடைய இலவச உணவு மையத்தின் முத்திரை. நேற்று, புதன்கிழமை, அவள் கையால் கட்டிக் கொடுத்த பைகளில் இருந்தவை.

"இதெல்லாம் எங்க சார் கிடைச்சுது?"

"முனையில இருக்கற பஸ் ஸ்டாப் பெஞ்சுல. நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பக்கமா வந்தேன். குப்பை மாதிரி கிடக்குது! ஓசியில கொடுத்தா அருமை தெரியுமா? அடுத்த புதன்கிழமையும் இப்படிக் கிடந்தா மையத்தை மூடிட்டு, சரக்கை வேற பேட்டைக்கு அனுப்பிடுவேன். பசி இருக்கற இடத்துக்குத்தானே சாப்பாடு போகணும்?"

சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

நூற்று நாற்பது குடும்பங்கள் அந்த மையத்தை நம்பியிருந்தன. பையை நிறுத்துக் கட்டுவதில் தராசம்மா கெட்டிக்காரி. ஆறு கிலோ இருநூறு கிராம் என்றால் ஒரு கிராம் கூடாது, ஒரு கிராம் குறையாது. அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குறுகுறுப்புதான் வந்தது. அடுத்த வீட்டில் யாராவது தும்மினால்கூட எதனால் என்று தெரிந்துகொள்ளாமல் தூங்காத பிறவி அவள். பசியோடு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று வாங்குகிறவர்கள், இருநூறு அடி தள்ளி அதை ஏன் வைத்துவிட்டுப் போக வேண்டும்?

"யாரு அண்ணி வைக்கிறது?" என்று கேட்டான் கொழுந்தன். மையத்தின் வேனை ஓட்டுகிறவன் அவன்.

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி முழிக்கிறேன்?"

"நீங்க முழிச்சா பரவாயில்லை. என் வேலையும் சேர்ந்துல்ல போகும்!"

அடுத்த புதன்கிழமை இரண்டு மணிக்கு மையத்தைப் பூட்டியதும், முகத்தை மறைக்கிற மாதிரி ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். எதிர்ச் சாரியில் வேனை நிறுத்திக் கொழுந்தன் காவல் இருந்தான்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பைக்கில் பார்சல் கொண்டுபோகிற ஒருவன் வந்தான். மையத்துப் பையைப் பிரித்தான். பீன்ஸை எடுத்துப் பெஞ்சில் வைத்தான், போய்விட்டான். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். இரண்டு டின் மீனை வைத்தாள், பீன்ஸை எடுத்துக்கொண்டாள். பிறகு வங்கி வாசலில் காவல் நிற்கிற வாட்ச்மேன் வந்தார். மாவுப் பாக்கெட்டை நிதானமாகப் பெஞ்சில் வைத்துத் தூசி தட்டினார்.

"தராசம்மா, குடையை மடக்குங்க," என்றார் அவர். "மழையும் இல்லை, வெயிலும் இல்லை. தெருவே உங்களைத்தான் பார்க்குது."

அசடு வழிந்தபடி குடையை மடக்கினாள். "ஏன் அண்ணே மாவை வெச்சிட்டுப் போறீங்க?"

"என் ரூம்ல ஒரே ஒரு கெட்டில்தான் இருக்கு. சுடுதண்ணி போடலாம், டீ போடலாம். மாவை வெச்சு என்ன பண்றது, முகத்துல பூசிக்கறதா?"

"என்கிட்டயே திருப்பிக் கொடுத்திருக்கலாமே!"

"உங்க சுவத்துல இருக்கற போர்டை நீங்க படிச்சதே இல்லையா?"

சுருக்கென்றது அவளுக்கு. அந்தப் போர்டை எழுதினதே அவள்தான். எண்ணெய்ப் பாக்கெட்டுக்காக இரண்டு பெண்கள் தலைமுடியைப் பிடித்துக்கொண்ட அன்று எழுதியது. 'பையை உள்ளே பிரிக்கக் கூடாது. திருப்பிக் கொடுத்தால் அடுத்த வாரம் டோக்கன் இல்லை.' எல்லாருக்கும் ஒரே எடை, ஒரே பொருள், சண்டைக்கு இடமில்லை என்று பெருமைப்பட்டிருந்தாள். சண்டை நின்றது என்னவோ உண்மை. ஆனால் கெட்டில் வைத்திருக்கிறவனுக்கு மாவும், அடுப்பு வைத்திருக்கிறவளுக்குத் திறக்க வழியில்லாத டின்னும் போய்க்கொண்டிருந்தன. அதை ஜனங்களே இந்தப் பெஞ்சில் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

"சரி, மாத்திக்கறீங்க. மிச்சம் கிடக்கறது?"

"அது ஏழு மணிக்காரங்களுக்கு."

"யாரு அவங்க?"

"யாருக்குத் தெரியும்? நான் டியூட்டிக்குப் போயிடுவேன். பகல்ல வேலைக்குப் போறவங்கன்னு பேச்சு. நீங்க ரெண்டு மணிக்குப் பூட்டினா அவங்க எப்படி வாங்க முடியும்? ராத்திரி திரும்பறப்ப பார்த்தா பெஞ்சு துடைச்ச மாதிரி இருக்கும்." வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் எவனோ ஒரு பேராசை பிடிச்சவன் நாலு மணிக்கே மொத்தத்தையும் சாக்குல அள்ளிட்டுப் போயிட்டானாம். நல்லா இருப்பானா அவன்?"

தராசம்மா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சரியாக நாலு மணிக்கு அந்தப் பேராசை பிடித்தவர் காரிலிருந்து இறங்கினார். கையில் காலிச் சாக்கு.

"பார்த்தீங்களாம்மா? போன வாரத்துக்கு இந்த வாரம் அதிகம்! மூடறதுக்குக் கடிதம் ஆபீஸ்ல டைப் ஆகிட்டு இருக்கு. நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி."

"தொடாதீங்க சார்!" அவள் எழுந்து குறுக்கே நின்றாள். "ஏழு மணி வரைக்கும் என்கூட உட்காருங்க. அப்புறம் இந்தப் பெஞ்சுல ஒரு பாக்கெட் மிச்சம் இருந்தாலும் மையத்துச் சாவியை நானே உங்க கையில கொடுத்துடறேன்."

"அண்ணி!" என்று எதிர்ச் சாரியிலிருந்து ஓர் அலறல் கேட்டது. யாரோ முகம் தெரியாத ஏழு மணிக்காரர்களை நம்பி அண்ணி சாவியைப் பந்தயம் வைத்தால் கொழுந்தன் அலறாமல் என்ன செய்வான்?

மேலாளர் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வருகிறவர்களைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் அவருக்கும் தராசம்மாவின் குறுகுறுப்பு தொற்றிவிட்டது.

"அந்த நீலச் சட்டைக்காரர் டின்னைத்தான் எடுப்பார் பாருங்க," என்றார்.

"இல்லை சார், மாவு," என்றான் இதற்குள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருந்த கொழுந்தன்.

நீலச் சட்டைக்காரர் மாவை எடுத்துக்கொண்டு ஒரு பீன்ஸ் பாக்கெட்டை வைத்தார். ஈறைத் தொட்டுக் காட்டி, "மெல்ல முடியலைங்க," என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

"எப்படிய்யா கண்டுபிடிச்சே?"

"கன்னம் ஒட்டியிருக்கு சார். பல்லு இல்லாதவர் பீன்ஸை வெச்சு என்ன பண்ணுவார்?"

மேலாளர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். கெட்டில். பல். டின் திறக்கிற கருவி. "நம்ம படிவத்துல இதெல்லாம் கேட்கவே இல்லையேம்மா?"

"குடும்பத்துல எத்தனை பேர்னு மட்டும்தான் சார் கேட்கறோம்."

ஆறு மணி. ஆறே கால். பெஞ்சில் பதினேழு பொருள்கள் இருந்தன. ஆறரைக்குப் பிறகு யாரும் வரவில்லை. தெருவிளக்கு எரியத் தொடங்கியது. மேலாளர் நோட்டை மூடிவிட்டுச் சாக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தராசம்மாவின் விரல்கள் இடுப்பில் செருகியிருந்த சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்தன. வாட்ச்மேன் யாரிடமோ கேட்டதை நம்பியல்லவா இத்தனை பேர் சாப்பாட்டில் கை வைத்துவிட்டோம்!

ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பஸ் வந்து நின்றது.

தையல் ஆலைச் சீருடையில் எட்டுப் பெண்கள் இறங்கினார்கள். அவர்கள் பின்னால் ஆஸ்பத்திரி துப்புரவுப் பணியாளர்கள் மூன்று பேர். தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. "அக்கா, உங்க வீட்ல இன்னிக்கு எத்தனை பேர்?" "ரெண்டு மாவு வேண்டாம்டி, ஒண்ணு போதும், பின்னாடி வர்றவங்களுக்கு இருக்கட்டும்." "போன வாரம் மாதிரி பட்டினி போடாம விட்டாங்களே!" கண் மூடித் திறப்பதற்குள் பதினாறு பொருள்கள் போய்விட்டன. மேலாளர் மடியிலிருந்த சாக்கை மெதுவாகச் சுருட்டிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

மிச்சம் ஒரே ஒரு பால் பவுடர்.

பஸ் நகர ஆரம்பித்தது. ஒன்று மிச்சமிருந்தாலும் சாவி என்று சொன்னவள் தராசம்மாதான். அதற்குள் யாரோ உள்ளேயிருந்து படபடவென்று தட்டினார்கள். பஸ் மறுபடி நின்றது. தூக்கக் கண்ணும் தோள்பையும் கலைந்த தலையுமாக ஒரு பெண் குதித்து இறங்கினாள். பெஞ்சை நோக்கி நாலு எட்டு ஓடி வந்தவள், அங்கே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

மேலாளர் எழுந்தார். "ஏம்மா, நீ நம்ம ஆபீஸ் டைப்பிஸ்ட் இல்லை? நீ எங்க இங்க?"

அவள் பார்வை அவர் முகத்திலிருந்து பால் பவுடருக்கும், பால் பவுடரிலிருந்து அவர் முகத்துக்கும் போய் வந்தது.

"இந்த மையத்தை மூடற கடிதத்தை மூணு தடவை திருத்தச் சொன்னீங்களே சார், அதை முடிச்சிட்டு வர நேரமாயிடுச்சு... அந்தக் கடைசிப் பாக்கெட் உங்களுக்கா, இல்லை நான் எடுத்துக்கலாமா?"