மாறாத பதில்கள்

கேளம்பாக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த சுல்தான் பீவிக்கு நாலைந்து வருடமாகச் சிறுநீர்ப்பையில் தீராத எரிச்சல். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் ரோகிணி, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய நோய்க்குறிக் கேள்விகளை அவளிடம் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"ரெண்டு வாரம் கழிச்சு இதையே திரும்பக் கேப்பேன். பதில் ஒத்துப்போனாத்தான் தமிழ் கேள்விகளை நம்பலாம். மருந்து எடுத்தா பதில் மாறிடும். அதனால அதுவரைக்கும் வேணாம்மா."

"வலி உயிரு போவுதும்மா."

"ரெண்டே வாரந்தானே!"

படித்த பெண் சொல்கிறாள் என்று சுல்தான் பீவி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் ஓடினாள். வாடிக்கைக்காரிகள் வேறு கடை பார்த்தார்கள்.

சொன்ன நாளில் வரும்போது பஸ்ஸிலேயே அடக்க முடியாமல் போய்விட்டது. கறுப்பு புர்காவில் ஈரம் தெரியவில்லை. நாற்காலி நுனியில் கூசி உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

ரோகிணியின் முகம் மலர்ந்தது. "சூப்பர்மா! ஒண்ணுகூட மாறல."

"அப்ப மருந்து எழுதிக் குடும்மா."

"அது ஓபியில எழுதுவாங்க. இன்னிக்கு முடிஞ்சிடுச்சு, திங்கக்கிழமை வாங்க."

சுல்தான் பீவி எழுந்தாள். ரோகிணி நாற்காலியைப் பார்த்து முகம் சுளித்து, வெளியே நின்ற ஆயாவைக் கூப்பிட்டாள். "இதைக் கொஞ்சம் துடைங்க, அடுத்த பேஷண்ட் உக்காரணும்."

ஆயா வருவதற்குள் சுல்தான் பீவியே புர்காவின் தலைத்துணி நுனியால் நாற்காலியைத் துடைத்தாள்.

"தேங்க்ஸ்மா" என்றாள் ரோகிணி, பதில்களுக்கான மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டே.