ஆசீர்வாதத்தின் ஒற்றை மாத்திரை

1

இந்தக் கதை கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு ஓசியில் கிடைத்தது. எதிரே இருந்தவர் பக்கத்து ஆளிடம், "மூணு பிரஷர் மாத்திரைய ஒண்ணாக்கிக் குட்த்துட்டாங்க நைனா" என்று சொல்லிச் சிரித்தார். மாத்திரைக்காகச் சிரிக்கிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அவருக்கு ஆசீர்வாதம் என்று பெயர் வைத்து, ஆரம்பாக்கத்தில் குடிவைத்து, இரும்பாலையில் கிரேன் ஓட்டவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: கிரேன் உச்சியில் ஆசீர்வாதத்துக்குத் தலை சுற்றியது. கீழே பழுக்கக் காய்ந்த இரும்பு. அவர் கை நழுவி...

(வேண்டாம். ரத்த அழுத்தம் என்றதும் ஆளைச் சாய்க்கத்தான் எழுத்தாளன் கை துடிக்கிறது. அவரும் விடவில்லை: "இன்னா சார், எடுத்த எடுப்புலயே என்னைக் கீய தள்றீங்க?")

3

அவர் விழவில்லை, இறக்கப்பட்டார். ஆலையின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் அழுத்தம் எகிறியிருந்தது. அது அடங்கினால்தான் மேலே ஏறலாம் என்று சொல்லி, கீழே கொக்கி மாட்டும் வேலையில் போட்டுவிட்டார்கள். இத்தனை காலம் தான் ஓட்டிய கிரேனை அண்ணாந்து பார்ப்பது அவருக்குத் தாங்கவில்லை. மனைவி கிரேஸ் முன்னால் வாய்விட்டே அழுதார்.

மாத்திரை இல்லாமலில்லை. காலையில் இரண்டு, இரவில் ஒன்று. ஆனால் வாரா வாரம் ஷிப்ட் மாறும். விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வந்து படுக்கிறவருக்கு எது காலை, எது இரவு? குழம்பிப்போய் ஒன்றை விடுவார், மறுநாள் இன்னொன்றை...

4

(இங்கே, அவருக்கு மாத்திரை எழுதித் தரும் டாக்டர் ரமீஸாவை மேதையாக்கப் பார்த்தேன். கிரேஸ் முந்திக்கொண்டாள்.)

"வாரா வாரம் இவருக்கு விடியறதே மாறிக்கினு கீது டாக்டரம்மா. எத்த எப்போ குடுக்கறது?"

டாக்டர் சற்று யோசித்து, மூன்று மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையாக மாற்றி எழுதினார். "எந்த ஷிப்டா இருந்தாலும் மத்தியானச் சோறு உண்டுல்ல? அதோட ஒண்ணு. பழசு எதையும் கூடச் சேக்கக் கூடாது."

ஆசீர்வாதத்துக்கு நம்பிக்கை வரவில்லை. "மூணு ஆள் வேலைய ஒருத்தன் செய்வானா?"

"மூணு பேரும் உள்ளதான்யா கீறாங்க. முழுங்கு" என்றாள் கிரேஸ்.

5

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. (அழுத்தம் இறங்காத முடிவு ஒன்றும், இறங்கியும் வேலை கிடைக்காத முடிவு ஒன்றும் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். நல்லது நடந்தால் கதை ஒன்றும் கெட்டுப்போகாது.)

நர்ஸ் ஜெபா அவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். நம்பாமல் மறுபடியும் பார்த்தாள். நூற்று இருபத்தெட்டு, எண்பத்திரண்டு.

"இன்னாண்ணே பண்ணீங்க?"

"வேளைக்குச் சோறு துன்னேன்மா" என்றார் ஆசீர்வாதம்.

6

இதோ, அனுமதி கிடைத்து, ஏணியேறிப் போய்க் கிரேனில் உட்கார்ந்துவிட்டார். எச்சரிக்கை மணியும் அடித்தாயிற்று. ஆனால் கீழே நிற்பவர் கை காட்டாமல் கிரேன் நகரக் கூடாது, அது அங்கே விதி. நான் காட்டினால், கதையை முடிக்கக் காட்டினான் என்பீர்கள். அதனால் நான் விலகிக்கொண்டேன். இப்போது கீழே நிற்பது நீங்கள்தான். அவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சுமைக்கு அடியில் நிற்காமல், கொஞ்சம் தள்ளி நின்று, கையைத் தூக்குங்கள்.